புகையில்லாத வீடு

கல்யாணமான பிறகு தம்பி தன் மனைவியோடு இரண்டு தடவை ஊருக்கு வந்தான். இரண்டு தடவையும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்வாசல் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஹட்டனில் ரூம் எடுத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "அவளுக்குப் பொகை ஒத்துக்காதுக்கா. வேறொண்ணுமில்ல" என்றான். யாழ்ப்பாணத்துப் பெண், கொழும்பில் பேங்க் வேலை. அம்மாவிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான். புகை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. ஒரே ஒரு தடவை, கீரை ஆய்ந்துகொண்டே, "மருமக நம்ம வீட்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சாப் போதும்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். எனக்குத்தான் விட முடியவில்லை.

மார்கழி லீவுக்கு வருகிறோம் என்று தம்பி ஃபோன் பண்ணியதும், "இந்தத் தடவ வீட்லதான் தங்குறீங்க. பொகையே இருக்காது, அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். "பாப்போம்க்கா" என்று இழுத்தான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் மனசு சமையலறைச் சுவரில்தான் நின்றது.

கேஸ் அடுப்பு வாங்கினேன். சமையலறையில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கரியைச் சுரண்டி, இளநீலப் பெயின்ட் அடித்தேன். விறகுக்கு அடுக்கி வைத்திருந்த தேயிலை மிளாறைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளினேன். மண் அடுப்பின்மேல் பலகை போட்டு, பூப்போட்ட துணி விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றையும் வைத்தேன். அவர்கள் வந்து போகும் வரைக்கும் அந்த அடுப்பைத் தொடவே கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னேன்.

"வீடு குளுந்து போயிரும் புள்ள."

"சுவெட்டர் போட்டுக்குங்கம்மா."

அம்மா சுவெட்டர் போட்டுக்கொண்டாள். காலையில் பழக்கத்தில் அடுப்பு முன்னால் போய் உட்காருவாள். பூச்சாடியைப் பார்த்துவிட்டு எழுந்து வருவாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் லயத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி என்றால் எல்லா வீட்டுக்கும் விருந்தாளிதான். பக்கத்து வீட்டிலிருந்து மெத்தை வந்தது. எதிர் லயத்திலிருந்து கண்ணாடிக் கிளாஸ் வந்தது. வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டு அக்கா, மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பி உறை பிரிக்காமலே வைத்திருந்த கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர்கள் பெயின்டையும் பார்த்துவிட்டு, "டீச்சர் வீடு தொர பங்களா கணக்கா மாறிப்போச்சே" என்று கிண்டல் பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தேன், பிடிக்காமல் திரும்பச் சுவரோரம் தள்ளினேன். ஜன்னல் துணியை மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

அவர்கள் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோவில் வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்து விடாத தூறல். தம்பி சமையலறையை எட்டிப் பார்த்து "அடேயப்பா" என்றான். முகத்தில் சந்தோஷம் இல்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவள், சட்டென்று நிமிர்ந்துவிட்டாள். நான் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் எங்கள் விறகடுப்பு. விடிந்ததும் மூட்டினால் அடுப்பு சுவரைச் சூடாக்கும், சுவர் அறையைச் சூடாக்கும். சின்ன வயதிலிருந்து அதில் முதுகைச் சாய்த்துத்தான் படித்தேன், தூங்கினேன். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. ஓடித் திரிந்ததில் எனக்குக் குளிரும் உறைக்கவில்லை.

தொங்கல் வீட்டுக் கம்பளியைக் கழுத்து வரை போர்த்தியும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. குளிக்க வெந்நீர் வைக்கலாம் என்றால், கேஸில் அண்டாத் தண்ணீர் சுட மாட்டேன் என்கிறது. நான் அண்டாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

தம்பி ஃபோனை எடுத்தான். "இவளுக்குச் சளி புடிச்சுக்கும்க்கா. ஓட்டோக்காரரு இன்னும் ரோட்டுலதான் இருப்பாரு. நாங்க ஹட்டனுக்கே போயிர்றோம்."

அம்மா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தது நான்தான்.

அம்மா எழுந்து போய்ப் பூச்சாடியை இறக்கி வைத்தாள். துணியை மடித்தாள். பலகையை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். வெளியே போய் ஒரு கை மிளாறோடு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஈர மிளாறு குபுகுபுவென்று புகைந்து, இளநீலம் தெரியாமல் மூடியது.

"அம்மா, மூட்டாதீங்க! அவளுக்குப் பொகை ஒத்துக்காது!" என்று தம்பி கத்தினான்.

கம்பளியோடு எழுந்து வந்த அந்தப் பெண் அடுப்பு முன்னால் குந்தி, இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

"ஆர் சொன்னது? எங்கட வீட்டிலயும் விறகடுப்புத்தான்." பிறகு அம்மாவைத் தயக்கத்தோடு பார்த்தாள். "மாமி, உங்களுக்கு ஆக்கள் வந்து தங்கினா கரைச்சல் எண்டு இவர்தான் சொன்னவர். அதாலதான் நான் கேக்கேல்ல."

தம்பி ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். ஆனால் கை விரலில் இன்னும் போகாத பெயின்ட் கண்ணில் பட்டது. இந்த லயத்து வீட்டை அவன் வாயால் மறைத்தான், நான் பெயின்டால் மறைத்திருந்தேன். இருவருமே அம்மாவைச் சாக்காக வைத்துத்தான் செய்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த மெளாறு ராவுக்குப் பத்தாது. மழ வலுக்கிறதுக்குள்ள போயி இன்னும் ரெண்டு கட்டு தூக்கிக்கிட்டு வா."

அவன் ஃபோனைப் பைக்குள் போட்டான். புதுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு தூறலில் இறங்கிப் போனான்.