துண்டுக்குள் சில்லிட்ட கை

இளவயதுதானே, நமக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று இருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நான் மாட்டுத் தரகன். வயது இருபத்தெட்டு. சந்தை நாளில் டீயும் பீடியும்தான் எனக்கு ஆகாரம். பேரமெல்லாம் முடிந்த பிறகே சோறு.

போன மாதம் ஒரு ஜோடிக் காளைக்குப் பேரம் நடந்தது. பொள்ளாச்சி வியாபாரி கருப்புசாமியும் நானும் வழக்கம்போல் துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்தே எனக்கு இடது தோளில் வலி. காளை கயிற்றை இழுத்ததால் வந்தது என்று நினைத்திருந்தேன்.

திடீரென்று அவர் துண்டை உருவினார். பேரத்தின் நடுவில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

"ஏனுங்க, கை இப்படிச் சில்லுனு வேர்த்துக் கெடக்குது? வாங்க, டாக்டர்கிட்டப் போலாம்."

விலையைக் குறைக்க நாடகம் போடுகிறார் என்று சீறினேன். சீறும்போதே நெஞ்சை அடைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரே வண்டி பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டர் வெகுநேரம் குழல் வைத்துக் கேட்டார், ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்தார்.

"மாரடைப்போட ஆரம்பமுங்க. இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இனிப் பீடியைத் தொட்டா நான் பொறுப்பில்லீங்க" என்றார்.

தொடவில்லை. இப்போது கூழ் குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போகிறேன். துண்டைப் போட்டதும் கருப்புசாமி முதலில் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கிறார்.

"சூடா இருக்குதுங்க. இனிப் பேசலாம்."

அப்புறம் விலையில் ஒரு விரல்கூட விட்டுத்தர மாட்டார். நானும்தான்.