கோபச் சீட்டு

‘கண் அளவிடும் கருவி இயக்குபவர். பணி: வாடிக்கையாளரின் முகவாயைத் தாங்கியில் வைக்கச் செய்தல், பொத்தானை அழுத்துதல், வரும் சீட்டைக் கண்ணாடிப் பிரிவில் ஒப்படைத்தல். சீட்டில் உள்ளவை குறித்துக் கருத்துக் கூறுதல் இப்பணியில் அடங்காது.’

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் கையெழுத்துப் போட்ட வேலை உத்தரவு இது. பொத்தானை அழுத்துகிறவள் என்பதால் கண்ணாடிக் கடையில் அவள் பெயர் பட்டனக்கா. பட்டனக்கா ஒரு நாளாவது கருத்துக் கூறாமல் வீடு திரும்பினாள் என்று கடைச் சுவர்கூடச் சாட்சி சொல்லாது.

சில கண்கள் கருவிக்குப் பிடிபடுவதில்லை. மூன்று முறை அழுத்தினாலும், எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோட்டைப் போட்டுச் சீட்டைத் துப்பிவிடும். ‘மிஷின் கோவிச்சுக்கிச்சு’ என்பது கடைப் பேச்சு. அந்தச் சீட்டுக்குக் கோபச் சீட்டு என்று பெயர். சமாதானத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆளின் பழைய கண்ணாடியைப் பார்த்து, அதே பவரைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொள்வார்கள். சீட்டின் முதுகில் அவர் பெயர், வயது, தொலைபேசி எண். கண்ணாடி தயாரானதும் கூப்பிடுவதற்கு. பிறகு சீட்டு கம்பியில் குத்தப்படும்.

இரண்டு மாதத்தில் அதே ஆள், தெரு விளக்குக்கெல்லாம் வால் முளைக்கிறது என்று வந்து நிற்பார். பிரேம் கோணல், லென்ஸ் அறுத்தவர் தூக்கக் கலக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கண்ணைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கண்தானே வாடிக்கையாளர்.

பட்டனக்காவின் தங்கை பேருந்து ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி, மூன்றுக்கும் கோபச் சீட்டு.

“உன் மிஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுக்கா.”

“நீ முதல்ல கண்ணைக் கசக்கறதை நிறுத்துடி. மாவா பிசையற?”

உரிமத்துக்கான கண் பரிசோதனையில் தங்கை தேறவில்லை. மருத்துவமனைக்குப் போனார்கள். கருவிழிப் படலம் மெலிந்து, கூம்பு போல முன்னுக்குத் துருத்துகிறது, அதனால்தான் கருவிக்குப் பிடிபடவில்லை, நோயின் பெயர் கெரட்டோகோனஸ் என்று டாக்டரம்மா சொன்னார். வலது கண்ணில் ஒளிச் சிகிச்சை செய்து இப்போதிருக்கும் நிலையிலேயே நிறுத்தப் பார்க்கலாம். இடது கண் கைமீறிவிட்டது, பேருந்தை மறந்துவிடுவது நல்லது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டையுமே நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். ஆறு மாதம் முன்னால் தங்கையின் இரண்டாவது சீட்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா ஆறுதலாக, “இது அபூர்வம்தான். பழைய புத்தகத்துல இரண்டாயிரம் பேர்ல ஒருத்தருக்குன்னு போட்டிருக்கும்” என்றார்.

“அதை எண்ணினவங்க யார் யார் கண்ணைப் பார்த்தாங்க டாக்டர்?” என்றாள் பட்டனக்கா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “கண்டுபிடிச்சவங்களைத்தானே எண்ண முடியும்? இதுக்குன்னே தேடிப் பார்த்த இடங்கள்ல நிறைய பேர் வந்திருக்காங்க.”

“அப்ப, தேடாத வரைக்கும் அபூர்வம்.”

மறுநாள் பட்டனக்கா கம்பியைக் கவிழ்த்தாள். அந்த வருடம் அளந்த மூவாயிரம் பேரில் அறுபத்திரண்டு பேருக்குக் கோபச் சீட்டு. கண்புரை வந்த பெரியவர்கள், இமை தொங்கியவர்கள், நாற்காலியில் ஒரு நொடி நிலையாக இருக்காதவர்கள் என்று கழித்தாள். தங்கையையும் கழித்தாள். மிச்சம் பத்தொன்பது, எல்லாரும் இளவயது. அவர்களில் எத்தனை பேர் கண் இந்த நிமிடம் மெலிந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

முதலாளிக்குச் சீட்டுகளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவர் முட்டாள் அல்ல, அதுதான் தொல்லை.

“பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு, நாங்க கொடுத்த கண்ணாடி தப்புன்னு சொல்லப் போறியா?”

“கண்ணாடி தப்பில்ல முதலாளி. கண்ணுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

“உத்தரவை எடுத்துப் படி. சீட்டைப் பத்திக் கருத்துச் சொல்லக் கூடாது. போன் பண்ணினா உனக்கு இங்க வேலை இல்லை.”

பட்டனக்கா உத்தரவைத் தேடி எடுத்து, சொன்னபடியே படித்தாள். சீட்டில் உள்ளவை குறித்துத்தான் கருத்துக் கூறக் கூடாது. கோபச் சீட்டில் ஒன்றுமே இல்லையே, கோடுதானே. முதுகில் இருந்ததோ, கூப்பிடுவதற்கென்றே கடை எழுதி வைத்த எண். இந்த வியாக்கியானத்தை முதலாளி ஏற்கவில்லை. மாதக் கடைசியில் வேலை போயிற்று.

பத்தொன்பது பேரில் பதினொரு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஏழு பேருக்கு இருந்தது. ஐந்து பேருக்கு நேரத்தோடு நிறுத்த முடிந்தது. தங்கையைக் கழித்தே மூவாயிரத்துக்கு ஏழு என்று பட்டனக்கா சொன்னபோது, கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை மட்டும் வைத்து ஊர்க் கணக்குப் போடக் கூடாது என்று டாக்டரம்மா திருத்தினார். வராத எட்டுப் பேரையும் சேர்க்காமல் போடக் கூடாது என்று பட்டனக்கா திருத்தினாள்.

வேலை போன அந்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், தன் கைப்பேசியிலிருந்து அவள் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டிருந்தாள்.