தங்கச்சி எடுத்துப்போன கைப்பிடி

பட்டறைக்காரம்மா என்று தெருவே கூப்பிடும் அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து கொடுக்கிற பட்டறை அவளுடையது. வெல்டிங்கை அவளே பிடிப்பாள். அளவெடுப்பதும் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர். இருவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை. அதற்கு நடுவே வேலையும் நடந்துவிடும்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டித் தார்ப்பாய் போர்த்திய ஒரு மெஷின் பதினெட்டு வருஷமாக நின்றது. அப்பா வாங்கிப் போட்ட டிரில்லிங் மெஷின், ஆளுயரம் இருக்கும். அதை ஓட்டியவள் தங்கச்சி. பதினாறு வயதில் அதன் முன்னால் நின்றவள் இருபத்தெட்டு வயதுவரை வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒரு தகட்டில் நாற்பது ஓட்டை போட்டாலும் நூல் பிடித்தமாதிரி இருக்கும்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது பட்டறையை மூத்தவள் பெயருக்கு எழுதி வைத்தார். இரண்டு பேருக்கும்தான் என்று அவர் பல தடவை சொன்னது அக்காவுக்கும் தெரியும். பக்கத்திலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அவர் இறந்து காரியங்கள் முடிந்த மறுவாரம் தங்கச்சி மெஷினின் கைப்பிடியை மட்டும் கழற்றித் துணியில் சுற்றினாள். "என் கை பட்டுத் தேஞ்சது இது ஒண்ணுதான். இதை எடுத்துக்கறேன்" என்றாள். போனவள் போனவள்தான்.

கல்யாணம், கருமாதி எதிலும் முகம் காட்டவில்லை. நல்லது கெட்டது எல்லாம் சித்தி மகன் வழியாகக் காதுக்கு வரும். கணவருடன் வேறு ஊரில் இருக்கிறாள், பிள்ளைகள் இல்லை, ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. அதைக் கேட்கும் நாளிலெல்லாம் அக்காவுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் ஒரு கிடங்குக்கு முப்பது கதவு செய்யும் வேலை வந்தது. கீல் தகடுகள் எல்லாம் கெட்டி இரும்பு. கை டிரில்லில் ஓட்டை போட்டதில், துளைக்கும் பிட் முதல் நாளே மூன்று ஒடிந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிடுவோம். உன் தோளு எறங்கிடப்போகுது" என்றார் வீட்டுக்காரர்.

"இருக்கும்போது எதுக்குங்க?"

"எது, அதுவா? அது மெஷினா, பாய் போத்திக்கிட்டுத் தூங்குற மாமனாரான்னே எனக்கு இன்னும் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. போய்த் தார்ப்பாயை இழுத்தாள். தூண் முழுக்கத் துரு. வேலைப் பொருளை வைக்கும் மேசை இறுகிக் கிடந்தது. மோட்டார் சுருள் கருகியிருந்தது, பெல்ட் தொட்டதும் உதிர்ந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினாள். நாலாம் நாள் மேசை ஒரு முனகலோடு அசைந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கை கொப்புளித்தது. மோட்டாரைக் கொடுத்துச் சுருள் மாற்றி வாங்கினாள். புது பெல்ட்டையும், பேரிங்கையும், ஒடிந்து கிடந்த ஸ்பிரிங்கையும், பிட்டைப் பிடிக்கும் சக்கையும் கடை கடையாக ஏறி வாங்கினாள்.

மிஞ்சியது பக்கவாட்டில் இருந்த வெறும் ஓட்டை ஒன்று. பல் வெட்டிய தண்டோடு மூன்று கை வைத்த கைப்பிடி அங்கேதான் இருக்கும். அதைத் திருப்பினால்தான் பிட் கீழே இறங்கும். அது இல்லாமல் மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

லேத்துக்காரர் வந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "பல்லு வெட்டிக் குடுத்துடலாம்மா. பழசு இருந்தா கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன். இல்லேன்னா ரெண்டு மூணு தடவை தப்புப் பண்ணித்தான் அமையும்."

தப்புப் பண்ணியே செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு எதையோ சொன்னது. "பழசு இருக்கு. என்கிட்ட இல்ல."

சித்தி மகனிடம் எண் வாங்கி, இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள்.

"யாரு?"

"நான்தான்டி."

 "யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். மெஷினைச் சரி பண்றேன். கைப்பிடி..."

"மெஷினை விக்கலியா நீ?"

"எப்படி விப்பேன்?"

"அனுப்பறேன்" என்றாள் தங்கச்சி.

"அன்னைக்கு அப்பாகிட்ட நான் பேசியிருக்கணும்டி."

"தண்டுல ஒரு பக்கம் காடி வெட்டியிருக்கும். அது வெளிப்பக்கம் வரணும். தலைகீழா மாட்டித் தொலைக்காதே." போன் வைக்கப்பட்டது.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. எண்ணெயில் ஊறிய துணிக்குள் கைப்பிடி, பொட்டுத் துரு இல்லாமல். பழைய கிரீஸ்மேல் புது கிரீஸ். வருஷா வருஷம் யாரோ எடுத்துத் துடைத்துத் தடவி வைத்திருக்கிறார்கள். மாட்ட மெஷினே இல்லாத கைப்பிடியை, பதினெட்டு வருஷம். பட்டறைக்காரம்மா துணியை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் வாயே திறக்காமல் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பொத்தானை அழுத்தி, கைப்பிடியைத் திருப்பினாள். பிட் இறங்கி, தகட்டைத் தொட்டு, சுருள் சுருளாக இரும்பைத் தள்ளியது. மெஷின் ஓட ஓடவே தங்கச்சியைக் கூப்பிட்டு, போனை அருகில் பிடித்தாள்.

"கேக்குதா?"

"பெல்ட்டு தளந்திருக்கு" என்றது போன். "மோட்டாரைப் பின்னால தள்ளி முடுக்கு."

"நீ வந்து முடுக்கிக் குடேன்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல அதைப் பண்ணு" என்றாள்.

பண்ணினாள், சத்தம் அடங்கியது. முப்பது கதவுக்கும் ஓட்டை போட்டு முடித்தாள், எல்லாம் நூல் பிடித்தமாதிரி என்று சொல்ல முடியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சியிடமிருந்து போன் வருகிறது. பேரிங் சூடாகிறதா, எண்ணெய் விட்டாயா, அவ்வளவுதான் பேச்சு. பட்டறைப் பத்திரத்தில் தங்கச்சி பெயரையும் சேர்க்கப் பத்திரம் எழுதுகிறவரிடம் பேசியிருப்பதை அக்கா இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறாள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாள்.