கை தெரியாத படங்கள்

அருப்புக்கோட்டையில் ஒரு மாடிக் கம்பெனியில் அனுசியாவுக்கு வேலை, நட்சத்திரக் கூட்டங்களை வகை பிரிப்பது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எந்த நாட்டுத் தொலைநோக்கியோ எடுத்த, சுழல் வடிவக் கூட்டங்களின் படங்கள் கம்ப்யூட்டரில் வரிசையாக வரும். பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் வீக்கம் பெரிதாக இருந்து, அதிலிருந்து கிளம்பும் ஒளிக் கைகள் இறுக்கிச் சுற்றியிருந்தால் முதல் வகை. வீக்கம் சிறுத்து, கைகள் அவிழ்ந்து கிடந்தால் மூன்றாவது. இடைப்பட்டது இரண்டாவது. நடுவில் பட்டை ஓடினால் அதற்கென்று தனி வரிசை. திருச்சுழியிலிருந்து பஸ்ஸேறி வந்து தினம் எண்ணூறு படம் பார்ப்பாள். அழகாக இருக்குமா என்று கேட்டால் தெரியாது என்பாள்.

அவளுக்கு எல்லாமே மரத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது. புருஷன் உதயகுமார் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன். லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்று காலை மகள் சுகப்பிரியா காலேஜ் விண்ணப்பத்தை நீட்டினாள். ஒரு வரியை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தாள். தந்தை: இருக்கிறார், இல்லை. இரண்டே கட்டம்.

"நீயே போட்டுரும்மா. நாளைக்குக் கடைசி நாளு."

"சாயந்தரம் தாரேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் ரேணுகாதேவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, பக்கவாட்டுல தெரியுற படத்துக்கெல்லாம் 'சொல்ல முடியாது'ன்னே அமுக்குறீக."

"கை தெரியலையே. வெறும் கோடாக் கெடக்கு."

"நடு வீக்கம் தெரியுதுல்ல? அது பெருசா இருந்தா பெரும்பாலும் கையும் இறுக்கமாத்தான் இருக்கும். தெரியுறத வச்சு முடிவு பண்ணுங்க."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் விண்ணப்பத்தை எடுத்தாள். டயர் பஞ்சரானால்கூட போன் போட்டுச் சொல்கிறவன் உதயகுமார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி வழியில் திரும்பியவன். அவனிடமிருந்து ஏழு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. அவளும் இத்தனை நாளாக 'சொல்ல முடியாது' என்றுதான் அழுத்தி வந்திருக்கிறாள்.

'இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அது வராததுதான் வருத்தமாக இருந்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்தாள்.

சாயந்தரம் மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள்.

"கிழிஞ்சிருக்கும்மா."

அனுசியா வாங்கிப் பார்த்தாள். டிக் போட்ட இடத்தில் பேனா தாளைத் துளைத்திருந்தது. அவ்வளவு அழுத்தியது அவளுக்கே தெரியாது.