வலிக்காத கால்

இன்று குலசேகரம் பேருந்தில் என் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். பல வருடமாகச் சர்க்கரை உண்டு. காலில் கட்டுப் போட்டிருந்தார்.

“மாத்திரைய விட்டாச்சு சாரே. இப்ப சிறுகுறிஞ்சான் பொடி மட்டுந்தான். நல்ல குணம் உண்டு. இவ்வளவு பெரிய புண்ணு, குத்தினாக்கூட வலியில்ல பாத்துக்கிடுங்க!”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெட்டினாலும் பால் வராத மரத்த நல்ல மரம்னா சொல்லுவ? வலி தெரியாத காலும் அப்படித்தான் மக்கா. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவம், நானும் வாறேன்.”

“அது மரம்லா சாரே” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், யார் பெயரும் சொல்லாமல், வலிக்காத சர்க்கரைப் புண்தான் ஆபத்து என்று ஓர் எச்சரிக்கை எழுதினேன். மூன்று கும்பிடு விழுந்தது. அதன் கீழே அந்த மாணவரே பொடி டப்பாவின் படத்தைப் போட, எங்கே கிடைக்கும் என்று பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அதில் ஒருவர் எங்கள் அறிவியல் ஆசிரியர். இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.