மாசிலாமணியின் கட்டைவிரல்

“நம்ம சபையில யாருக்கு எந்த வசனம் போகுதுன்னு எனக்குத் தெரியாம ஒரு அட்டைகூட போகாது லா” என்று மாசிலாமணி சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில், சபைச் சுற்றுலாவின்போது, கோழி இறக்கையைத் தணலில் திருப்பிக்கொண்டே பிரகடனம் செய்தார். பக்கத்தில் நின்ற சுந்தரம் சிரித்தார். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது நிர்வாக அறிக்கை.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் அந்தத் தமிழ்ச் சபையில் ஒவ்வொரு புத்தாண்டுக் காலையும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து, நீளமான மரப்பெட்டியிலிருந்து ஆளுக்கோர் அட்டையை உருவ வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் வேத வசனம்தான் அந்த வருடம் ஆண்டவர் அவருக்குச் சொல்வது. பலர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் டிசம்பர்வரை ஒட்டியிருக்கும். பெட்டியைப் பிடித்து நிற்கும் ஊழியம் பத்தொன்பது வருடமாக மாசிலாமணிக்கு.

ஓய்வுபெறும்வரை பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவர் அவர். நூற்றறுபது ஆத்துமாக்களின் வருடம் குருட்டாம்போக்கில் முடிவாவதை அப்படிப்பட்டவரால் எப்படிச் சகிக்க முடியும்? சபையில் யாரும் பெஞ்சு மாறி உட்காருவதில்லை. ஆகவே வரிசை எப்போதும் ஒன்றுதான். டிசம்பர் கடைசி வாரம், ஈசூனில் இருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அதே வரிசையில் அட்டைகளை அடுக்குவார். கல்யாணம் ஆகாதவருக்குத் துணை, பரீட்சைக்காரருக்கு ஞானம், முன்கோபிக்குச் சாந்தம். பெட்டியின் அடியில் ஒரு பிளவு வெட்டி வைத்திருந்தார். அதற்குள் கட்டைவிரலை விட்டு, முன்னால் நிற்கும் அட்டையை நகக்கண் அளவு உயர்த்துவார். மூடிய கண்ணோடு வரும் கை, எட்டிப் பார்க்கும் அட்டையைத்தான் எடுக்கும். இதில் அவருக்குக் குற்ற உணர்ச்சி துளியும் கிடையாது. ஆண்டவருக்கு உலகம் பூராவும் வேலை. இந்த ஒரு சபையைத் தான் பார்த்துக்கொண்டால் அவருக்கும் கொஞ்சம் ஓய்வு என்பது அவர் கட்சி.

சென்ற நவம்பரில் அவருடைய ஒரே மகள் ஜெனிட்டாவுக்கு, தாய்லாந்தின் மலைப்பக்கத்து மிஷன் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பிசியோதெரபிஸ்ட் வேலை, இரண்டு வருடம். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். மாசிலாமணி பதினான்கு காரணங்களை ஒரு பட்டியலாக அச்சடித்து மகளிடம் கொடுத்தார். கொசுவைப் பற்றி மட்டும் மூன்று காரணம்.

ஜெனிட்டா பொறுமையாகப் படித்துவிட்டு, “யோசிச்சு யோசிச்சு டயர்ட் ஆயிட்டேன் பா. நியூ இயர் அன்னிக்கு என்ன கார்டு வருதோ, அதை வெச்சு டிசைட் பண்றேன்” என்றாள்.

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். விஷயத்தை இத்தனை சுலபமாக முடித்துவைப்பார் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

இருக்கிற தேசத்திலேயே குடியிருக்கச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. அந்த அட்டையை மட்டும் பெட்டியில் சேர்க்காமல், பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜெனிட்டா பாடகர் குழுவில் இருந்தாள். பாடகர்கள் கடைசியாக வருவார்கள். அப்போது நுழைத்துக்கொள்ளலாம்.

புத்தாண்டுக் காலை, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது, மின்படியில் பெட்டி கைநழுவியது. நூற்று ஐம்பத்தொன்பது வசனங்கள் படிப்படியாக இறங்கின. ஒரு மலாய் மாதுவும், இரண்டு வங்காளத் தொழிலாளிகளும், நாய்க்குட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு சீனப் பெரியவரும் ஓடியோடிப் பொறுக்கித் தந்தார்கள். ஒருவர்கூட வரிசைப்படி தரவில்லை.

திரும்ப அடுக்க நேரமில்லை. ஆராதனையில் மாசிலாமணி பெட்டியைப் பிடித்து நின்றார், கட்டைவிரலுக்கு வேலையில்லாமல். எண்பத்தொரு வயது தங்கம் அம்மாளுக்கு மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நிறைவார்கள் என்று வந்தது. அவர் அதைப் பெஞ்சு முழுவதும் காட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன்கோபி கபிலனுக்கு யுத்தத்துக்கு ஆயத்தமாகும்படி கட்டளை.

அடுத்து சுந்தரம் வந்தார். தேக்கா சந்தையில் தையல் கடை வைத்திருப்பவர். கையின் கிரியை ஆசீர்வதிக்கப்படும் என்ற வசனத்தைப் பன்னிரண்டு வருடமாக அவருக்கு மாசிலாமணி தவறாமல் வழங்கிவந்தார். இன்று வந்ததோ, குருடரை அறியாத வழியில் நடத்திச் செல்வது பற்றியது. மாசிலாமணி அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். போயும் போயும் ஒரு தையல்காரருக்கா?

சுந்தரம் அட்டையைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் படித்தார். நகரவில்லை.

“கண்ணு போயிட்டிருக்கு அண்ணே” என்றார் மெதுவாக. “ஆறு மாசமா ஊசியில நூல் கோக்க முடியல. வீட்டுலகூடச் சொல்லல. ஆண்டவர் எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கார் பாருங்க.”

மாசிலாமணிக்கு, கால்சட்டை ஓரத்தைக் கோணலாகத் தைத்துவிட்டார் என்று போன மாதம் சுந்தரத்தைக் கடை வாசலில் நிற்கவைத்துக் கடிந்துகொண்டதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் பாடகர் குழு வந்தது. ஜெனிட்டா முன்னால் வந்து நின்று கண்ணை மூடினாள். அவள் அம்மாவைப் போலவே ஜெபிக்கும்போது உதடு அசைந்தது. மாசிலாமணியின் கை சட்டைப்பைக்குப் போனது. போன கை, பையின் மேல் அழுத்தியபடி அங்கேயே நின்றுவிட்டது. பெட்டியை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அட்டை உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச்சில் சாங்கி விமான நிலையத்துக்கு ஜெனிட்டாவை வழியனுப்ப சுந்தரமும் வந்திருந்தார். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜெனிட்டா உள்ளே போனதும் கேட்டார்: “பிள்ளைக்கு அன்னிக்கு என்ன வசனம் அண்ணே வந்துச்சு?”

“தெரியாது லா” என்றார் மாசிலாமணி. தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை ஆட்டினார்.