ஐம்பதுக்குப் பிறகும் ஆடியது

எங்கள் காலனி சங்கம் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் செஸ் போட்டி நடத்தியது. அன்று எனக்கு டிரா ஆனாலே போதும், இறுதிப் போட்டிக்குப் போய்விடுவேன். தோற்றால் எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போவார்.

அவரிடம் ராஜா, ஒரு பிஷப், ஓரத்தில் ஒரு சிப்பாய். என்னிடம் ராஜா மட்டும். ஆனால் அந்தச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய மூலையை என் ராஜா பிடித்திருந்தது; அது வெள்ளைக் கட்டம். அவருடைய பிஷப் கறுப்பில் ஓடுவது. மூலையை நான் விடாதவரை அவர் ஜெயிக்க வழியில்லை. தயங்கித் தயங்கி டிரா கேட்டேன்.

"ஆடிப் பாப்போம்மா, என்ன அவசரம்?" என்றார்.

சிப்பாய் நகராமல், எதுவும் வெட்டுப்படாமல் இருவரும் ஐம்பது முறை ஆடிவிட்டால், நடுவரிடம் சொல்லி டிரா வாங்கலாம். நகர்த்தல்களைக் குறிக்கும் தாளின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தேழில் அவர் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அடுத்த முறை நாற்பத்தொன்பது வரை போகவிட்டு, அப்புறம் தள்ளினார். ஒரே நிலை மூன்று தடவை வந்தாலும் டிரா கேட்கலாம். அதற்கும் இடம் கொடுக்காமல் பிஷப்பை மாற்றி மாற்றி வைத்தார். இப்படியே இழுத்தால் ஓர் ஆட்டம் ஐயாயிரம் நகர்த்தலைத் தாண்டும் என்று என் தம்பி சொன்னபோது சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

இனி சிப்பாயைத் தள்ளினால் என் ராஜா வெட்டிவிடும். மூன்றாவது எண்ணிக்கையில் ஐம்பது வந்தே விட்டது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நடுவரம்மா ஹாலின் அந்தக் கோடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் போல லேசாகக் கையைத் தூக்கினேன்.

"ரெஸ்ட் ரூம் வெளிய லெஃப்ட்ல இருக்கும்மா" என்றார் அங்கிருந்தே.

தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடினேன். யாரும் கேட்காமல் நடுவரே வந்து ஆட்டத்தை நிறுத்த எழுபத்தைந்து ஆக வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அறுபத்திரண்டில், பசி மயக்கத்தில், ராஜாவைத் தூக்கி மூலையை விட்டு விலகும் கட்டத்தில் வைக்கப் போனேன். தலைமையாசிரியர் முன்னால் குனிந்தார். கையை விடுவதற்குள் தெரிந்துகொண்டு சரியான கட்டத்தில் வைத்தேன். அவர் பிஷப்பை நகர்த்தியதும் எழுந்து நின்று, காலி ஹாலில் எதிரொலிக்கும்படி, "மேடம், ஐம்பது எப்பவோ தாண்டிடுச்சு" என்றேன்.

நடுவரம்மா வந்து தாளைச் சரிபார்த்து டிரா என்றார்.

"முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா, எனக்கும் பசிக்குது" என்றார் தலைமையாசிரியர்.

தாளில் கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.